உளி படாத வாசல்

2024 பிப்ரவரி 4, ஞாயிற்றுக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். மோட்டாரைப் போட்டு மேல் தொட்டியை நிரப்பினேன். முனைக் கடையில் பால் பாக்கெட் வாங்கி வந்து காய்ச்சிக் காபி கலந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் காபி என் பொறுப்பு. மனைவிக்குக் கொடுத்துவிட்டு, மகளின் டம்ளரை அவள் அறைக்கு வெளியே உள்ள ஸ்டூலில் மூடி வைத்தேன். ஸ்கூட்டரைத் துடைத்தேன். நான் பஸ் டெப்போவில் ஸ்டோர் கீப்பர். வாரம் முழுக்கப் போட்ட யூனிஃபார்ம் சட்டைகளை ஊறவைத்தேன். பிறகு துணிக்கொடியைத் தூக்கி நிறுத்தும் மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கி, சிமெண்ட் தரையைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தேன்.

ஒட்டியிருக்கும் இடத்தைத் தட்டினால் கெட்டியான சத்தம் வரும். விட்டுப்போன இடம் காலி டப்பா மாதிரி ஒலிக்கும். காலியாக ஒலித்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டுக்கொண்டே போனேன். கேட்டை எட்டியபோது, வட்டத்துக்குள் வராத இடம் ஒரு பாய் விரிக்கும் அளவுக்குத்தான் மிஞ்சியிருந்தது. ஐந்து மாதத்துக்கு முன் போட்ட தரை அது.

எங்கள் வீடு அரியலூருக்கு வெளியே, சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் சாலையிலிருந்து இரண்டாவது தெருவில் இருக்கிறது. வீடு கட்டியபோதே படியிலிருந்து கேட் வரை கான்கிரீட் போட்டோம். சித்திரை வெயிலில் வெந்து, ஐப்பசி மழையில் ஊறி, வருடங்கள் போகப் போக அதன் மேல்பரப்பு கெட்டுவிட்டது. பெருக்கும்போதெல்லாம் மணல் வந்தது. ஜல்லி வெளியே தெரிந்து காலைக் குத்தியது. பள்ளங்களில் தண்ணீர் நின்று பாசி பிடித்தது. எங்கள் இருவருக்கும் எங்கே கால் வைக்க வேண்டும், எங்கே வைக்கக் கூடாது என்பது பழகிப்போயிருந்தது. அதனால் அதைச் சரிசெய்யத் தோன்றவே இல்லை.

போன வருடம் மகள் கர்ப்பமானபோதுதான் தோன்றியது. அவளைப் பூலாம்பாடியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை வீட்டார் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் போடுகிற விவசாயக் குடும்பம். கல்யாணமாகி ஐந்தாவது வருடத்தில் வந்த கர்ப்பம். ஆவணியில் வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்கு இங்கே அழைத்து வருவதாக ஏற்பாடு.

"மழைக்காலத்துல பாசில வழுக்கினா என்னங்க ஆவறது? அவ வர்றதுக்குள்ள வாசலுக்கு ஒரு வழி பண்ணுங்க" என்றாள் மனைவி.

வீடு கட்டிய கொத்தனாரையே கூப்பிட்டேன். அவர் வந்து குந்தி உட்கார்ந்து, கரணையின் முனையால் அங்கங்கே குத்திப் பார்த்தார்.

"அடி கெட்டியாத்தான் இருக்கு சார். மேல்தோலுதான் போச்சு. உடைச்சு எடுக்க வேணாம். மேல ஒரு ஒன்ற இஞ்சு போட்டு வுட்டா, இன்னும் இருவது வருஷம் கெடக்கும்."

"எங்க டெப்போல பழைய டயருக்கு ரீட்ரெட் போடுற மாதிரின்னு சொல்லுங்க."

"அதே கதைதான்."

"அதுல பழைய ரப்பர நல்லா சுரண்டிட்டுத்தான் புதுச ஒட்டுவாங்க."

"இதுலயும் அப்படித்தான் சார். மொதல்ல உளியப் போட்டு அம்மி கொத்தற மாதிரி முச்சூடும் கொத்தி வுடணும். அந்தச் சொரசொரப்புலதான் புதுசு கடிச்சுக்கும்."

மனைவி டீ கொண்டுவந்தாள். கொடுத்துக்கொண்டே, மகள் பிரசவத்துக்கு வரப்போவதைச் சொன்னாள். கொத்தனார் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"இத மொதல்லயே சொல்ல வேணாமாக்கா? அப்ப உளி எடுக்கப்படாது."

எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வீட்டில் ஒரு பெண் கர்ப்பமாக இருந்தால் இடிக்க மாட்டோம், தோண்ட மாட்டோம், சுவரில் ஆணி அடிக்க மாட்டோம். ஆனாலும் நான் கேட்டேன்.

"அவ பூலாம்பாடிலதானே இருக்கா?"

"எங்க இருந்தா என்ன சார், இந்த வூட்டுப் பொண்ணுதானே. இந்த வூடு கட்டறப்ப நான் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு சாரத்துல நின்ன புள்ள. அதுக்கு ஒண்ணுன்னா நான் தாங்குவனா? என் கையால செய்ய மாட்டேன்."

"அப்ப எப்படித்தான் ஒட்டும்?"

"கம்பி பிரஷ் போட்டு தேச்சு, நல்லாக் கழுவி, கடைல ஒட்டுற மருந்து விக்கிறான் பாருங்க, அத சிமெண்ட் பால்ல கலந்து அடிச்சுட்டு மேல போட்டுறலாம். புடிச்சுக்கும்."

"டயருக்குச் சுரண்டாம வேலைக்கு ஆவாதே."

"சார், டயரு வூட்ல யாரு சார் மாசமா இருக்கா?"

மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நானும் சிரித்தேன். ஜல்லி தெரிந்த அந்த வாசலில் நின்று மூன்று பேரும் சிரித்தோம்.

அவர் சொன்னபடியே செய்தார். தேய்த்துக் கழுவி, சிமெண்ட் பால் அடித்து, மேலே கலவையைப் போட்டு மட்டப்பலகையால் இழுத்தார். ஈரம் வாங்குவதற்குள் தென்னந்துடைப்பத்தால் குறுக்கே ஒரே சீராகக் கோடு இழுத்துவிட்டார், கால் வழுக்காமல் இருப்பதற்காக. ஈரச் சாக்கைப் பரப்பி, காலையிலும் மாலையிலும் டெப்போவுக்குப் போகும் முன்பும் வந்த பின்பும் தண்ணீர் விட்டேன். வேலை நடந்தபோது மனைவி வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். வேடிக்கைக்காக இல்லை. பழக்கதோஷத்தில் யாராவது சுத்தியலை எடுத்துவிடக் கூடாது என்பதற்காக. அந்த நாட்களில் கூடத்துக் காலண்டரின் ஆணி பெயர்ந்து விழுந்தது. மறுபடி அடிக்கவில்லை. காலண்டரை அலமாரியின் கைப்பிடியில் மாட்டினோம்.

மகள் இரண்டு கை நிறைய வளையலோடு வந்து இறங்கினாள். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வாசலில் நடந்து பார்த்தாள்.

"நல்லா இருக்குப்பா. பாதத்துக்கு கிச்சுகிச்சு மூட்டற மாதிரி இருக்கு."

டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். சாயங்காலத்தில் படிக்கும் கேட்டுக்கும் நடப்பாள். வளையல் சத்தத்தை வைத்தே அவள் எந்தக் கோடியில் இருக்கிறாள் என்று உள்ளே இருந்தபடி சொல்லிவிடலாம்.

ஐப்பசி கடைசியில் ஒரு மத்தியானம், சாப்பிட்டுப் படுத்தவள் எழுந்து வந்து, "அசைவே தெரியலம்மா" என்றாள். காரை வரவழைத்துப் பெரம்பலூருக்குப் போனோம். ஸ்கேன் எடுத்த பெண் திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். குழந்தை மறுநாள் பிறந்தது. ஆண். கொடி கழுத்தைச் சுற்றியிருந்ததாகச் சொன்னார்கள். தலை நிறைய முடி. நானும் மாப்பிள்ளையும் எடுத்துக்கொண்டு போய், மாப்பிள்ளை வீட்டுச் சோளக்காட்டின் ஓரத்தில் அடக்கம் செய்தோம். மண்ணை அவர்தான் தோண்டினார், அவர்தான் மூடினார். என்னை மண்வெட்டியைத் தொடவிடவில்லை.

பெரியவர்கள் போனால் மூன்றாம் நாள் இருக்கிறது, பதினாறாம் நாள் இருக்கிறது. யார் வர வேண்டும், யாருக்குச் சொல்ல வேண்டும், என்ன சமைக்க வேண்டும் என்றெல்லாம் உண்டு. இதற்கு எதுவும் இல்லை. அதனால் வந்தவர்களுக்கும் எவ்வளவு நேரம் உட்காருவது என்று தெரியவில்லை. நான் பல வருடங்களாக டைரி எழுதுகிறேன். அன்றைய பக்கத்தில் மழை பெய்ததை மட்டும் எழுதியிருக்கிறேன்.

மாப்பிள்ளை ஞாயிறுதோறும் வந்து போனார். உடம்பு தேறும்வரை மகள் எங்களோடு இருக்கட்டும் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் அம்மாவையும் அழைத்து வந்தார். சம்பந்தியம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து சிறிது நேரம் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"வாசல்ல வேலை எடுத்தீங்களாமே?"

"உளி படல சம்பந்தி. மேல பூசினதோட சரி" என்றாள் மனைவி.

"பூசினா என்ன, கொத்தினா என்ன? வேலை வேலைதானே. வயித்துப்புள்ளக்காரிய வச்சுக்கிட்டு ஒரு ஆறு மாசம் பொறுத்திருக்கப்படாதா?"

"பாசில அவ வுழுந்துடக் கூடாதுன்னுதான்..."

"நான் ஒண்ணும் சொல்லல. ஊருல பேசிக்கிறாங்க. அதச் சொன்னேன்."

"அம்மா, எந்திரி, போவலாம்" என்று மாப்பிள்ளை எழுந்துவிட்டார்.

மகள் பக்கத்து அறையில் இருந்தாள். நடுவில் ஒரு திரைச்சீலைதான். அன்றிலிருந்து அவள் வாசலில் கால் வைக்கவில்லை. கொல்லைப்புறம் போவாள், அடுக்களைக்கு வருவாள், டிவி முன்னால் உட்காருவாள். வாசல்படிக்கு மட்டும் வரமாட்டாள். மாமியார் சொன்னதை அவள் நம்பிவிட்டாளா, எங்கள் வீட்டு வேலைதான் பிள்ளையைக் கொண்டுபோனது என்று நினைக்கிறாளா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதைக் கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. அவள் அம்மாவுக்கும் வரவில்லை. இரண்டு பேரும் ஒவ்வொரு நாளும் காலையில் இன்று கேட்டுவிடுவது என்று எழுந்து, மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

கார்த்திகை மழையில் தரை விட்டுக்கொடுக்க ஆரம்பித்தது. முதலில் படியோரத்தில் ஒரு விரிசல். அதற்குள் தண்ணீர் இறங்கியது. வெயில் வந்ததும் அந்தப் பக்கம் அப்பளம் மாதிரி எழும்பியது. மார்கழிக்குள் வாசல் முழுக்கத் துண்டு துண்டாகக் கிளம்பிவிட்டது. கொத்தாத தரையில் போட்டது கடித்துக்கொள்ளவில்லை. கொத்தனாரைக் கூப்பிடுகிறேன் என்றேன். மனைவி தடுத்தாள்.

"இருக்கட்டுங்க. இது இப்படியே கெடந்தாத்தான் நாலு பேரு நம்புவாங்க."

எனக்கு உடனே விளங்கவில்லை. அடுத்த முறை தெருக்காரர் ஒருவர் பத்திரிகை வைக்க வந்தபோது விளங்கியது. மனைவி ஒரு துண்டைப் புரட்டி அதன் அடிப்பக்கத்தைக் காட்டினாள்.

"தடவிப் பாருங்க. உளி பட்டிருந்தா இப்படி மழமழன்னு வருமா? நாங்க ஒரு கொத்துகூடக் கொத்தல. இதான் சாட்சி."

கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவருக்கும் காட்டினாள். அவருக்கு எங்கள் வீட்டில் நடந்ததே தெரியாது. "சிமெண்ட் சரியில்லைங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். காட்டி முடித்ததும் அந்தத் துண்டை எடுத்த இடத்திலேயே பொருத்தி வைப்பாள். துடைப்பத்தின் கோடுகூட மாறாமல் வைப்பாள். பெருக்கும்போது துண்டுகள் நகராமல் பார்த்துக்கொள்வாள். பொங்கலுக்கு வாசலில் கோலம் இல்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை.

தை பிறந்து இரண்டாவது வாரம், துணி காயப்போடப் போன மனைவியின் கால் ஒரு துண்டின் விளிம்பில் மாட்டிக்கொண்டது. கட்டைவிரல் நகம் பெயர்ந்துவிட்டது. உட்கார்ந்து மஞ்சள் வைத்துக் கட்டும்போது, இனி தள்ளிப்போட முடியாது என்று நான் முடிவு செய்தேன். உரிந்ததை எடுத்துவிட்டு, முறையாகக் கொத்தி, மறுபடி மேலே போட வேண்டும். ஆனால் எங்கள் தெருவில் உளிச் சத்தம் கேட்டால் அது எதைச் சொல்லும் என்பது எனக்குத் தெரியும். இந்த வீட்டில் இனிமேல் யாருக்காகவும் சாத்திரம் பார்க்க வேண்டியதில்லை என்று ஒவ்வொரு அடியும் சொல்லும். மகள் அதைக் கேட்கக் கூடாது. மாசியில் அவளைப் பூலாம்பாடிக்கு அனுப்பிவிட்டு ஆரம்பிக்கலாம் என்று நினைத்து, பார்த்துவிட்டுப் போகச் சொல்லிக் கொத்தனாருக்குப் போன் செய்தேன். அந்த ஞாயிறு காலையில் கழியோடு தட்டிப் பார்த்து வட்டம் போட்டது அதற்காகத்தான்.

அன்று மத்தியானம் மூன்று மணிக்குக் கொத்தனார் வந்தார். குழந்தை போன பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. கேட்டுக்கு வெளியிலேயே வண்டியை நிறுத்திவிட்டு, வட்டங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்க சார் மிச்சம்? முழுசுக்கும் ஒரே வட்டமாப் போட்டிருக்கலாமே."

குந்தி உட்கார்ந்து ஒரு துண்டைத் தூக்கினார். புரட்டிப் பார்த்துவிட்டு மெதுவாக வைத்தார்.

"என் வேலைய நானே பாக்க முடியல."

"கொத்தாம போட்டது. அதுல உங்களச் சொல்ல என்ன இருக்கு?"

"இனிமே..." என்று குரலைத் தாழ்த்தினார். "இனிமே கொத்திடலாம்ல சார்?"

படியில் நின்ற மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பாப்பா மாசில பூலாம்பாடி போவுது. போனப்பறம் வாங்க" என்றேன்.

"நான் போறேன்னு யாருப்பா சொன்னா?"

ஜன்னலிலிருந்து வந்த குரல். அடுத்த நிமிடம் மகள் வாசல்படிக்கு வந்து நின்றாள். கொத்தனார் எழுந்து தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"நல்லா இருக்கியா பாப்பா?"

"இருக்கேன் மாமா. நான் இருந்தா கொத்தக் கூடாதா?"

"அய்ய, அப்படி இல்ல பாப்பா..."

"இப்பதான் தாராளமாக் கொத்தலாமே."

"வாய மூடுடி" என்றாள் மனைவி. அதட்டலாகச் சொல்ல நினைத்திருப்பாள். பாதியில் குரல் உடைந்துவிட்டது.

"அப்ப உளி படலல்ல மாமா?"

"எங்க கொலசாமி சத்தியமாப் படல. கம்பி பிரஷக்கூட அழுத்தாமத்தான் தேச்சேன்."

"தெரியும். சிலிண்டர் போடறவர் வரைக்கும் அம்மா காட்டிட்டாங்க." பிறகு என்னைப் பார்த்தாள். "எல்லாத்தையும் பாத்துப் பாத்துதானேப்பா செஞ்சோம்? காலண்டருக்கு ஒரு ஆணிகூட அடிக்கல. அப்பறம் ஏன்?"

"கொடி சுத்தியிருந்துச்சுன்னு டாக்டர்..."

"அது தெரியும்ப்பா. அதக் கேக்கல."

கொத்தனார் தலைத்துண்டை மடித்துக்கொண்டே இருந்தார். கேட்க வேண்டியதை இப்போதாவது கேட்டுவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"அன்னிக்கு உங்க அத்தை சொன்னத நீ..."

"நான் நம்பலப்பா. ஒரு நாளும் நம்பல. நீங்கதான் நம்புறீங்கன்னு நெனச்சேன்."

"நாங்களா?"

"அம்மா வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் உளி படல, உளி படலன்னு சொல்றாங்கல்ல. அப்ப பட்டிருந்தா புள்ள போயிருக்கும்னுதானே ஆவுது? அதக் கேக்க முடியாமத்தான் உள்ளயே கெடந்தேன்."

மனைவி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "உன்ன யாரும் ஒரு வார்த்த சொல்லிடக் கூடாதுன்னுதான்டி" என்றாள். மகள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டுப்போட்டிருந்த அந்தக் காலை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். ஆஸ்பத்திரியில்கூட அவர்கள் ஒன்றாக அழுது நான் பார்க்கவில்லை. அங்கே ஒருத்திக்குத் தெரியாமல் மற்றவள் அழுதுகொண்டிருந்தாள்.

அழுது முடித்தபின் மகள்தான் சொன்னாள். "நாளைக்கே ஆரம்பிங்க மாமா. நான் இருக்கறப்பவே."

கொத்தனார் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"திங்கக்கெழம ஏழரைக்கு ராகு காலம். அதுக்கு முன்ன வந்து கை வச்சுடறேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

மாலையில் ஸ்கூட்டரைத் தெருவுக்கு மாற்றினேன். இரவு சாப்பாடு இட்லி. மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். டெப்போவில் அரை நாள் விடுப்புக்குச் சொன்னேன். மகள் சொன்ன வார்த்தைகளை ஒன்றுவிடாமல் டைரியில் எழுத நினைத்தேன். எழுதியதைப் படித்தபோது, வாசலில் கேட்ட மாதிரியே டைரியிலும் என் கேள்வி பாதியில் நின்றிருந்தது தெரிந்தது. அப்படியே விட்டேன்.

திங்கட்கிழமை ஏழு மணிக்குள் கொத்தனார் வந்து, சாக்குப்பையிலிருந்து உளியையும் சுத்தியலையும் எடுத்துக் கேட் ஓரமாக வைத்தார். அவர் கை வைக்கும் முன்பே மகள் படியிறங்கி வந்தாள். வெறுங்கால். குனிந்து, உரிந்து கிடந்ததில் பெரிய துண்டாகப் பார்த்து இரண்டு கையாலும் தூக்கினாள்.

"ஏய், கனமா எதையும் தூக்காத..." என்றாள் மனைவி, படியிலிருந்து.

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே உறைத்தது. மகள் துண்டைக் கையில் ஒருமுறை ஏற்றி இறக்கி எடை பார்த்தாள்.

"லேசாத்தான்மா இருக்கு" என்றாள்.

அதைக் கொண்டுபோய்த் தெருச் சுவர் ஓரமாக வைத்துவிட்டு, அடுத்ததை எடுக்கத் திரும்பி வந்தாள். மனைவியும் நொண்டிக்கொண்டே இறங்கி, இன்னொரு துண்டைத் தூக்கினாள்.